சுவரைத் தின்று வளரும் புளியங்கன்று

புளியங்கொட்டையின் பருப்பில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். ஆனால் தோலை உரித்த பருப்பின் வெள்ளைப் பரப்பில் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட்டால் நீலம் ஏறும். நீலம் ஏறினால் மாவுச்சத்து என்ற பள்ளிக்கூடச் சோதனை புளியங்கொட்டையிடம் ஏமாந்துபோகிறது. அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பூவிலிருந்தே பார்க்க வேண்டும்.

புளி அவரைக் குடும்பத்து மரம். பூவின் ஐந்து இதழ்களில் மூன்றுதான் கண்ணில் படும்; மற்ற இரண்டும் நூல்போலக் குறுகிக் கிடக்கும். நடுவில் இருக்கும் சூலகம் மெல்லிய படகு வடிவம். அதன் ஒரு விளிம்பில் சூல்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு காம்பில் தொங்கும். கருவுற்ற சூல் உள்ள இடத்தில் காய் புடைக்கும், கருவுறாமலோ பாதியில் கருகியோ போன இடத்தில் இடுங்கும். ஆகவே புளியங்காயின் மேடுபள்ளம் அதற்குள் எத்தனை சூல் பிழைத்தது என்பதற்கான கணக்கு. ஒற்றைக் கொட்டையோடு நுனியில் வளைந்து நிற்கும் காயும் உண்டு, பத்துக் கொட்டை தாங்கிய நீளக் காயும் உண்டு.

பூ பழமாக எட்டிலிருந்து பத்து மாதம் ஆகும். பிஞ்சில் தோலும் சதையும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கும். முற்றும்போது சதை நீர் வற்றிச் சுருங்க, தோல் மட்டும் தன் அளவிலேயே நின்று ஓடாகிறது. ஒட்டாத உறவுக்கு உவமையாகச் சொல்லும் புளியம்பழமும் ஓடும் இப்படித்தான் பிரிகின்றன. சதைக்கு உள்ளே ஒவ்வொரு கொட்டையையும் ஒரு வலுவான சவ்வு தனித்தனியாகச் சுற்றியிருக்கும். புளி கரைக்கையில் நாரோடு சேர்ந்து கையில் மிஞ்சும் கோதில் பெரும்பங்கு அதுதான். இதுவரை சொன்னவை கனியின் பாகங்கள். விதை அந்தச் சவ்வுக்கு உள்ளேதான் தொடங்குகிறது.

காய் பச்சையாக இருக்கும்போது கொட்டை வெளுத்து, நகம் பதியும் அளவுக்கு மென்மையாக இருக்கும். பழுக்கப் பழுக்கத் தோலில் டானின் சேர்ந்து, மெருகேற்றிய பழுப்பு நிறம் வரும். அந்தத் தோலைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் வைத்தால், மேல் அடுக்கின் செல்கள் தீப்பெட்டியில் நெருக்கி நிறுத்திய குச்சிகளைப்போல் நின்றுகொண்டிருக்கும். 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலாளர் மால்பிகியின் பெயரால் இவற்றை மால்பிகிய செல்கள் என்பார்கள். அவற்றின் கீழே இருப்பவை இடை சிறுத்த உடுக்கை வடிவச் செல்கள். அதற்கும் கீழே உள்ள அடுக்குகள் பெரும்பாலும் நசுங்கிப்போனவை. கொட்டையின் இரண்டு முகங்களிலும் கோடு கட்டியதுபோல் ஒரு வட்டப் பகுதி தெரியும். சூல்காம்பு அறுந்த தழும்பு ஒரு முனையில் இருக்கும். எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் இந்தத் தோல், மீதி பருப்பு.

தாயம் ஆட வேண்டுமென்றால் கொட்டையின் ஒரு முகத்தைத் திண்ணையிலோ கருங்கல்லிலோ வெள்ளை தெரியும்வரை தேய்ப்பார்கள். முதலில் மெருகு போகும், பிறகு பழுப்புத்தூள் உதிரும், கொட்டை விரலைச் சுடும், கடைசியில் பால்வெள்ளை தலைகாட்டும். அந்தக் கையின் கீழே தேய்ந்துபோவது மால்பிகிய அடுக்கு. கடினத்தோல் விதைகளை முளைக்க வைக்க நாற்றங்கால்களில் செய்யும் சுரண்டலும் இதே வேலைதான். தேய்த்த கொட்டையைத் தண்ணீரில் போட்டால் வெள்ளைப் பக்கம் சீக்கிரம் ஊறி உப்பும்.

அந்த வெள்ளை முழுவதும் இரண்டு விதையிலைகள். வளரும் கருவுக்குத் தாய்ச்செடி முளைசூழ்தசையில் ஊட்டம் சேர்த்துவைக்கிறது. நெல்லில் அது விதை முற்றிய பிறகும் தங்கி, சோறாக நம் தட்டுக்கு வருகிறது. புளியில் கரு அதை விதைக்குள் இருக்கும்போதே தின்று தீர்த்துத் தன் விதையிலைகளைப் பருக்கச் செய்கிறது. முளைவேரும் குருத்தும் இரண்டு பருப்புகளும் சேரும் முனையில் ஒரு சிறு முளையாக ஒடுங்கிக் கிடக்கும்.

மற்ற விதைகளோடு புளி முரண்படும் இடம் இந்த விதையிலைகளில்தான். பட்டாணியும் கடலையும் உணவைச் செல்லுக்குள்ளே, மாவாகவோ எண்ணெயாகவோ அடுக்கிவைக்கும். புளியும் புரதத்தையும் கொஞ்சம் எண்ணெயையும் உள்ளேதான் வைக்கிறது. பெரும்பங்கு சர்க்கரையை மட்டும் அது செல்லின் சுவரில் பூசுகிறது. அந்தப் பூச்சின் பெயர் ஜைலோகுளூக்கன்: செல்லுலோஸ் போன்ற குளூக்கோஸ் சங்கிலி, அதில் கிளைகளாக ஜைலோஸ், சில கிளைகளின் நுனியில் காலக்டோஸ். மூன்றின் விகிதம் ஏறக்குறைய 3:2:1. எந்தச் செடியின் இளஞ்செல்லிலும் செல்லுலோஸ் இழைகளோடு ஒட்டிக்கொண்டு இது கொஞ்சம் இருக்கும். புளி விதையிலை அந்த ஒட்டுப்பொருளையே களஞ்சியமாக்கிவிடுகிறது. ஜைலோகுளூக்கன் செல்லின் கோல்கி உறுப்பில் உருவாகி, நுண்பைகளில் ஏறிச் செல்சவ்வைக் கடந்து, சுவரில் படலம் படலமாகப் படிகிறது. விதை முற்றும்போது சுவர் பெருத்து, செல்லின் உள்ளறை குறுகிவிடும். சுவரைத் துளைத்துச் செல்லும் நுண்கால்வாய்கள் மட்டும் அடைபடாமல் இருக்கும்.

வீட்டுக்குள் அரிசி மூட்டை அடுக்காமல், சுவரையே கருப்பட்டியால் எழுப்பிய குடும்பம் என்று இதை நினைக்கலாம். பசி எடுத்தால் சுவரைச் சுரண்ட வேண்டும். கூரை ஏன் விழவில்லை? உள்ளே கம்பியாகச் செல்லுலோஸ் இருக்கிறது, அதைத் தொடுவதில்லை. மழை பெய்தால் கருப்பட்டி கரையாதா? மழை பெய்தால்தான் இந்த வீட்டில் அடுப்பே எரியும். கருப்பட்டிக்கு எறும்பு வருமே என்று அடுத்த கேள்வி கேட்டால் உவமை அங்கே நின்றுவிடும். வண்டு துளைத்த புளியங்கொட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அதற்கும் பதில் தெரியும்.

வரலாறு சுருக்கமானது. 1839இல் ஜெர்மன் தாவரவியலாளர்கள் ஷ்லைடனும் ஃபோகலும் ஜைலோகுளூக்கன் அயோடினோடு காட்டும் அந்த நீலத்தைக் கவனித்து, மாவுச்சத்தைப் போன்றது என்ற பொருளில் அமிலாய்டு என்று பெயரிட்டார்கள். பின்னர் மருத்துவர் ஃபிர்ஹோ அந்தச் சொல்லை மருத்துவத்துக்குக் கொண்டுபோனார். இன்று அல்சைமர் நோயில் பேசப்படும் அமிலாய்டு ஒரு புரதம். அதற்கும் மாவுக்கும் உறவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1942இல் கோஷ், கிருஷ்ணா என்ற இந்திய ஆய்வாளர்கள் பருப்பில் ஏறக்குறைய பாதி கூழாகும் பொருள் என்று அறிவித்தார்கள். பஞ்சு, சணல் ஆலைகளில் நூலுக்குப் போடும் கஞ்சியில் புளியங்கொட்டைப் பொடி இடம்பிடித்தது.

இப்போது அந்தப் பொடி தேய்ந்த மூட்டை வளர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தண்ணீரில் கொழகொழப்பாகிறது, மூட்டிலும் கொழகொழப்பான திரவம் இருக்கிறது, ஆகவே இது அதுவாகிவிடும் என்பதே அதன் தர்க்கம். அப்படிப் பார்த்தால் வெண்டைக்காயும் கொழகொழப்புதான். ஜைலோகுளூக்கனை உடைக்கும் நொதி மனித உடலில் கிடையாது. அது குடலில் வாழும் சில பாக்டீரியாக்களின் சாப்பாடு. அவற்றுள் ஒன்று எந்த மரபணுத் தொகுப்பைக் கொண்டு அதை உடைக்கிறது என்று 2014இல் நேச்சர் இதழ் விவரித்தது. கண்ணில் ஒட்டி ஈரம் காக்கும் சொட்டு மருந்துகளில் இந்தப் பசை உண்மையிலேயே பயன்படுகிறது. அங்கே அது வளர்ப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை, ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

மண்ணில் ஈரம் கிடைத்து, தோல் இளகி, முளைவேர் வெளியே வரும்வரை சுவர் அப்படியே நிற்கிறது. தொடக்கச் செலவு செல்லுக்குள் இருக்கும் கைச்சேமிப்பிலிருந்து போகிறது. முளைத்த பிறகே சுவர் வேலை. உணவு செல்சவ்வுக்கு வெளியே இருப்பதால் செல் நொதிகளை வெளியே அனுப்பியாக வேண்டும். ஒன்று நீளச் சங்கிலியை நடுவில் துண்டாக்கும். மற்றவை துண்டுகளிலிருந்து காலக்டோஸ், ஜைலோஸ், குளூக்கோஸ் என்று முறைவைத்துக் கழற்றும். கழன்ற சர்க்கரை மீண்டும் செல்லுக்குள் நுழைந்து, சுக்ரோஸாக மாறி, வேருக்கும் குருத்துக்கும் போகிறது. மாவாக உள்ளேயே வைத்திருந்தால் இவ்வளவு போக்குவரத்து தேவையில்லை. சுவரில் பூசிய ஜைலோகுளூக்கன் நீரைப் பிடித்துவைத்து இளங்கன்றை வறட்சியிலிருந்து காக்கிறது என்பது ஒரு விளக்கம்; கேட்க அழகாக இருப்பதே அதன் மேல் சந்தேகம் எழவும் காரணம்.

தண்டு நிமிரும்போது விதையிலைகள் இரண்டும் மண்ணுக்கு மேலே தூக்கப்படும். தடித்து, லேசாகப் பச்சை பூசி, நடுவில் இறகுபோல் விரியும் முதல் இலைகளுக்கு இருபுறமும் காவல் நிற்பதுபோல் இருக்கும். சுவர்கள் மெலிய மெலிய அவை சுருங்கி வற்றி, தண்டில் எதிரெதிரே இரண்டு தழும்புகளை விட்டு உதிரும்.