"நாளை விடுமுறை" - எந்த நாளை?



ஐப்பசி மாதத்து மாலை. தாம்பரத்தில் மழை கொட்டுகிறது. உங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுகிறது: "கனமழை காரணமாக நாளை பள்ளிகளுக்கு விடுமுறை." மகிழ்ச்சியில் அதை அப்படியே நான்கு நண்பர்களுக்கு அனுப்பத் தோன்றும் அல்லவா? சற்றுப் பொறுங்கள். "நாளை" என்றால் எந்த நாளை? இந்த ஆண்டு நாளையா, போன ஆண்டு நாளையா?

இது வேடிக்கைக் கேள்வி அன்று. ஏன் என்று பார்ப்போம்.

முத்திரை இல்லாத கடிதம்

அஞ்சல் அட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அஞ்சலகத்தில் அதன்மீது ஒரு முத்திரை குத்துவார்கள். எந்த ஊர், எந்தத் தேதி என்பது அதில் இருக்கும். அட்டை எத்தனை கை மாறினாலும் முத்திரை மாறாது.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை நீங்கள் மற்றவருக்கு ஃபார்வர்டு செய்யும்போது நடப்பது வேறு. பழைய செய்தி நகர்ந்து செல்வதில்லை. அதன் நகல் ஒன்று புதிதாகப் பிறக்கிறது. அந்த நகலில் தெரியும் நேரம், நீங்கள் அனுப்பிய நேரம். முதன்முதலில் எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பது நகலில் வராது. ஆகவே மூன்று ஆண்டுப் பழைய செய்தியும் இன்று மாலை எழுதியதுபோல் தோன்றும்.

2015 கற்பித்த பாடம்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் நின்றது, பல இடங்களில் தொலைபேசியும் நின்றது.

அந்த நாட்களில் சமூக ஊடகங்கள் பெரிய உதவி செய்தன. "இந்தத் தெருவில் முதியவர்கள் மாடியில் இருக்கிறார்கள், படகு தேவை" என்று உறவினர்கள் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் எழுதினார்கள். தன்னார்வலர்கள் அவற்றைத் திரட்டி, உதவி செய்பவர்களிடம் சேர்த்தார்கள்.

ஆனால் ஒரு சிக்கலும் எழுந்தது. மீட்கப்பட்டு விட்டவர்களைப் பற்றிய வேண்டுகோள்களும் நகல் நகலாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. ஆள் இல்லாத வீட்டைத் தேடி ஒரு படகு போனால், ஆள் இருக்கும் வீட்டுக்கு அந்தப் படகு போக முடியாதே! அதனால் ஒவ்வொரு வேண்டுகோளையும் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்ப்பதே ஒரு தனி வேலையாயிற்று.

போதாததற்கு வதந்திகள் வேறு. வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு செய்தி பரவியது. பண்ணையினர் அதை மறுத்தார்கள். பெருமழை வரப்போவதாக நாசா எச்சரித்துள்ளது என்று இன்னொரு செய்தி. அதுவும் பொய்.

ஐந்தின் பெருக்கம்

வதந்தி ஏன் இத்தனை வேகமாகப் பரவுகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 5 பேருக்கு அனுப்புகிறார். அவர்கள் ஒவ்வொருவரும் புதிதாக 5 பேருக்கு அனுப்புகிறார்கள். 5, 25, 125, 625... ஏழாவது படியில் 78,125 பேர்! இந்த வேகத்தைக் குறைக்கத்தான் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி 2018-இல் இந்தியாவில் வரம்பு வைத்தது. பல கை மாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறியும் இடுகிறது. அந்தக் குறியைக் கண்டால், "இது எழுதியவரிடமிருந்து நேரே வரவில்லை" என்று பொருள்.

வகுப்பில் ஒரு சோதனை

கைப்பேசி இல்லாமலே இதைச் செய்து பார்க்கலாம். ஆசிரியர் ஒரு துண்டுச் சீட்டில் "நாளை விடுமுறை" என்று எழுதி ஒரு மாணவரிடம் தரட்டும். சீட்டைப் பெறும் ஒவ்வொருவரும் இரண்டு நகல் எழுதி, சீட்டு இல்லாத இருவருக்குத் தர வேண்டும். நான்கு சுற்றுகளில் 31 பேரிடம் சீட்டு இருக்கும். 40 பேர் உள்ள வகுப்பு ஐந்தாவது சுற்றில் நிரம்பிவிடும்.

இப்போது முதல் மாணவர் தம் சீட்டைக் கிழித்துப் போடட்டும். மற்றச் சீட்டுகள் என்ன ஆயின? ஒன்றும் ஆகவில்லை! நீங்கள் அனுப்பியதை "எல்லோருக்கும் அழி" என்று அழித்தாலும், அதற்குள் வேறு இடங்களுக்குப் போன நகல்கள் அழியமாட்டா.

கழுத்தில் தொங்கும் அட்டை

செய்திக்குச் சொன்னது படத்துக்கும் பொருந்தும். விளையாட்டு விழாவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் பெயர், வகுப்பு, முகவரி, பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் படிக்கக் கிடைக்கலாம். வெள்ளத்தில் தவித்தவர்கள் உயிர் காக்க முகவரியை வெளியிட்டார்கள். அந்தத் தேவை நமக்கு இல்லையே! படம் எடுக்குமுன் அட்டையைக் கழற்றி வையுங்கள். படத்தில் இருக்கும் தோழர், தோழியரிடம் கேட்காமல் வெளியிடாதீர்கள். எவரேனும் உங்கள் படத்தை வைத்து மிரட்டினால், அஞ்சி மறைக்காமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையவழிப் பண மோசடிக்கு 1930.

மூன்று கேள்விகள்

இனி, தொடக்கத்தில் வந்த விடுமுறைச் செய்திக்கு வருவோம். அதனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தத் தேதி? எந்த மாவட்டம்? யார் அறிவித்தது? மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். தாம்பரம் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில். பக்கத்திலுள்ள வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஆகவே "சென்னையில் விடுமுறை" என்ற செய்தி உண்மையாகவே இருந்தாலும் தாம்பரம் பள்ளிக்குப் பொருந்தாது.

மூன்றுக்கும் விடை இருந்தால் அந்த விடைகளோடு சேர்த்து அனுப்புங்கள். விடை இல்லையென்றால் அந்தச் செய்தி உங்களோடு நிற்கட்டும். ஏழாவது படியில் இருக்கும் 78,125 பேருக்குப் போகும் வழியில் நீங்களும் ஒரு படி என்பதை நினைவில் வையுங்கள்.