இடிக்கப்பட்ட கோட்டையின் கற்களில் எழுந்த மணிக்கூண்டு: வேல்ஸ் கிராமத்துக் கோபுரம் கூறும் வரலாறு

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியின் வடக்கே, டுவிரிட் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது போர்ட்மெய்ரியன் கிராமம். இங்கு பாறை மேட்டின் மீது நிற்கும் மணிக்கூண்டுக்கு அருகில் தேவாலயம் எதுவும் இல்லை. கிராமத்துக்கு அழகூட்டவும், அங்கு முன்பு இருந்த ஒரு கோட்டையை நினைவுகூரவும் 1928-இல் இது கட்டப்பட்டது.

கட்டடக் கலைஞர் ஒருவரின் கனவு

போர்ட்மெய்ரியனை உருவாக்கியவர் கட்டடக் கலைஞர் சர் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் (1883-1978). இயற்கை அழகு மிக்க ஓரிடத்தைச் சிதைக்காமலேயே அங்கு கட்டடங்களை எழுப்பவும், அதிலிருந்து வருவாய் ஈட்டவும் முடியும் என்பது அவரது உறுதியான நம்பிக்கை. அதை மெய்ப்பிப்பதற்காக 1925-இல் இந்தக் கடலோர நிலத்தை வாங்கி, மறு ஆண்டே அங்கு விடுதியைத் திறந்தார். இரண்டாம் உலகப் போரையொட்டி நின்றுபோன கட்டுமானப் பணி, 1954-இல் மீண்டும் தொடங்கி 1976 வரை நீடித்தது.

கிராமத்தின் தொடக்கக் காலக் கட்டடங்களில் மணிக்கூண்டும் ஒன்று. தனது திட்டத்தின் மீது அனைவரின் பார்வையும் திரும்ப வேண்டுமெனில், தொலைவிலிருந்தே கண்ணில் படும் கட்டடம் ஒன்று தேவை என அவர் கருதினார். இத்தாலிய நகரங்களின் மணிக்கூண்டுகளை நினைவூட்டும் இக்கோபுரத்துக்கு, அது நிற்கும் பாறையும் கூடுதல் உயரம் தருகிறது.

கல்வெட்டு கூறுவது என்ன?

கோபுரத்தின் வரலாறு அதில் பதிக்கப்பட்ட கல்வெட்டில் உள்ளது. வில்லியம்ஸ்-எல்லிஸ் அதில் தம்மைக் கட்டடக் கலைஞர் என்பதுடன் விடுதிக்காரர் என்றும் குறிப்பிட்டுள்ளார். தனது முன்னோரான வட வேல்ஸ் மன்னர் கிரிஃபித் அப் கினனின் 12-ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் கற்கள் இக்கோபுரத்தில் சேர்க்கப்பட்டுள்ளன என்றும், அக்கோட்டை இங்கிருந்து 150 கஜம் மேற்கே இருந்தது என்றும் அவர் பதிவு செய்துள்ளார்.

சிலுவைப் போருக்கு ஆள் திரட்டும் பயணத்தில் 1188-இல் வேல்ஸைச் சுற்றிவந்த ஜெரால்ட் என்ற கிறிஸ்தவ மதகுருவும், இப்பகுதியில் புதிதாகக் கட்டப்பட்ட கற்கோட்டை ஒன்றைத் தமது பயணக் குறிப்பில் சுட்டியுள்ளார். அதைக் கினனின் புதல்வர்களுக்கு உரியதாக அவர் கூறுகிறார்.

கோட்டையின் எச்சங்களை 1869-ஆம் ஆண்டுவாக்கில் தரைமட்டமாக்கியவர் சர் வில்லியம் ஃபாதர்கில் குக் என்கிறது கல்வெட்டு. சார்லஸ் வீட்ஸ்டோனுடன் இணைந்து 1837-இல் மின் தந்திக்குக் காப்புரிமை பெற்றவர் இவர். இடிபாடுகள் வெளியுலகுக்குத் தெரிந்தால் பார்வையாளர்கள் வரத் தொடங்கிவிடுவர் என்ற அச்சமே இதற்குக் காரணமாம். செய்திகள் தொலைவுக்கு விரைந்து செல்ல வழிவகுத்தவரே, தம் வீட்டருகே இருந்த ஒரு வரலாற்றுச் சின்னம் பற்றிய செய்தி பரவக் கூடாது என விரும்பியிருக்கிறார். 12-ஆம் நூற்றாண்டுக்கு 19-ஆம் நூற்றாண்டு இழைத்த அவமதிப்புக்கு 20-ஆம் நூற்றாண்டில் பரிகாரம் செய்யப்பட்டுள்ளது என்ற பொருளில் கல்வெட்டு நிறைவடைகிறது.

கைவிடப்பட்ட கட்டடங்களின் புகலிடம்

கோபுரத்தில் தொடங்கிய இந்த மீட்பு முயற்சி கிராமம் முழுவதும் தொடர்ந்தது. பழைய மாளிகைகளுக்குப் போதிய சட்டப் பாதுகாப்பு இல்லாத காலம் அது. எம்ரல் ஹால் என்ற மாளிகை 1936-இல் இடிக்கப்படவிருந்தபோது, ஹெர்குலஸின் சாகசங்கள் பொறிக்கப்பட்ட அதன் மேற்கூரையை வில்லியம்ஸ்-எல்லிஸ் 13 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தார். பின்னர் அம்மாளிகையின் பிற பகுதிகளையும் வாங்கி, கிராமத்தின் அரங்கில் பொருத்தினார். பிரிஸ்டலில் சிதைந்து கிடந்த 18-ஆம் நூற்றாண்டுத் தூண் மண்டபமும் இவ்வாறே இங்கு இடம்பெயர்ந்தது.

எனினும், இடமாற்றம் முழுமையான மீட்பு ஆகாது. கோட்டையின் அமைப்பு எவ்வாறு இருந்தது, சுவர்கள் எதுவரை சென்றன என்பதை மணிக்கூண்டின் கற்களைக் கொண்டு அறிய இயலாது. அத்தகைய சான்றுகள் இருந்த இடத்திலேயே காக்கப்படாவிட்டால், பிற்காலத்தில் எழுப்பப்படும் எந்த நினைவுச் சின்னமும் அவற்றுக்கு ஈடாகாது. கோட்டை இருந்தது என்பதையும், அது எவ்வாறு அழிந்தது என்பதையும் மறக்கவிடாமல் செய்வதே இக்கோபுரத்தின் பணி.

1960-களில் 'தி பிரிசனர்' தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பால் உலகப் புகழ்பெற்ற போர்ட்மெய்ரியன், இன்று வேல்ஸின் முக்கியச் சுற்றுலாத் தலங்களில் ஒன்று. பார்வையாளர்கள் வரக் கூடாது எனக் கோட்டை இடிக்கப்பட்ட அதே இடத்தில், அதன் கற்களைக் காண நுழைவுக் கட்டணம் செலுத்திப் பலரும் வந்து செல்கின்றனர்.