உஷார்! அலாஸ்காவில் மலை கடலுக்குள் விழுகிறது

கோடை விடுமுறைக்கு அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளிடம் போகிறவர்கள், அங்கேயே குடியிருக்கும் நம் குடும்பங்கள், இவர்களில் யாராவது அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தால் பெட்டி கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பனியாறும் திமிங்கிலமும் பார்க்கவேண்டியவைதான். ஆனால் அந்தக் கரையில் ஆபத்து வரும் வழி வேறு. நம் கடற்கரையில் நாம் கற்றுக்கொண்ட எதுவும் அங்கே முழுதாக உதவாது.

2025 ஆகஸ்ட் 10, விடிகாலை ஐந்தரை மணி. ஜூனோ நகருக்குத் தெற்கே ட்ரேசி ஆர்ம் என்று ஒரு ஃபியோர்டு இருக்கிறது. இருபுறமும் செங்குத்தான மலைகள், நடுவே குறுகலாக உள்ளே நுழைந்திருக்கும் கடல். அதன் கோடியில் சவுத் சாயர் பனியாறு. அதன் அருகே மலைச்சரிவின் ஒரு பெரும் பகுதி அப்படியே பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. எதிர்ச்சுவரில் தண்ணீர் 400 மீட்டருக்கும் மேல் ஏறியது. அந்த உயரம் வரை மரம், செடி, மண் எல்லாம் வழித்தெடுக்கப்பட்டு வெறும் பாறை மட்டும் நின்றது. ஃபியோர்டின் வாயில், பல கிலோமீட்டர் தள்ளி, ஹார்பர் தீவில் கயாக் துடுப்புப் படகுகளில் வந்த சிலர் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கண் விழித்தபோது கூடாரத்தை ஒட்டித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய பொருள்களை அலை அள்ளிக்கொண்டு போயிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அதற்கு ஒரே காரணம் நேரம். பகலில் அந்த நீர்வழியில் சுற்றுலாக் கப்பல்களும் படகுகளும் வந்துபோய்க்கொண்டிருந்த காலம் அது. ஐந்தரை மணிக்குப் பதில் பதினொன்றரைக்கு அந்த மலை விழுந்திருந்தால்?

நமக்குத் தெரிந்த சுனாமி 2004 டிசம்பர் 26. சுமத்ரா பக்கம் தரை அதிர்ந்தபின் அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் நம்மிடம் சொல்ல ஆளில்லை. அவ்வளவு பேரைப் பறிகொடுத்தோம். அதன் பிறகு ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. உலகெங்கும் இப்படிப்பட்ட மையங்கள் முதலில் பார்ப்பது பெரிய நிலநடுக்கத்தைத்தான். ஃபியோர்டில் மலை சரிந்தால் அந்த முன்னறிவிப்பு கிடைக்காமல் போகலாம். முதலில் பெரிய நடுக்கம் வரவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. மலை விழுவதற்கும் அலை உங்களைத் தொடுவதற்கும் இடையே இருப்பது சில நிமிடங்கள். அதற்குள் சைரன் ஒலிக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஏன் விழுகிறது? பனியாறு என்பது பள்ளத்தாக்கின் இரு சுவர்களுக்கும் முட்டுக் கொடுத்து நிற்கும் பனிக்கட்டி. வெப்பம் ஏறி அது மெலிந்து பின்வாங்கும்போது சுவர் பிடிமானம் இழக்கிறது. இந்தக் கரைக்கு இது புதிதும் அல்ல. 1958 ஜூலையில் லிட்டுயா விரிகுடாவில் நிலநடுக்கம் உலுக்கி மலை சரிந்து, தண்ணீர் 524 மீட்டர் உயரம் ஏறியது. 2015 அக்டோபர் 17 அன்று டான் ஃபியோர்டில் நிலநடுக்கமே இல்லாமல் ஏறக்குறைய 18 கோடி டன் பாறை இறங்கியது. தண்ணீர் 193 மீட்டர் ஏறியது. ஆளில்லாத இடம் என்பதால் உலகம் கவனிக்கவில்லை.

இப்போது ஆய்வாளர்கள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் பேரி ஆர்ம். பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் இருக்கிறது; சுற்றுலாக் கப்பல்கள் ஒதுங்கும் விட்டியர் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 2010-க்கும் 2017-க்கும் இடையே அங்கே ஒரு மலைச்சரிவு மொத்தமாக 120 மீட்டர் அளவுக்குக் கீழே நகர்ந்துவிட்டது. ஒரு கல் இரண்டு கல் அல்ல, ஏறத்தாழ 50 கோடி கன மீட்டர் பாறை. 2020 மே மாதம் விஞ்ஞானிகள் பதினான்கு பேர் பகிரங்கக் கடிதம் எழுதி எச்சரித்தார்கள். முதல் கணக்கில் விட்டியரைத் தொடும் அலை 10 மீட்டர் அளவில் இருக்கலாம் என்றார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க நிலவியல் ஆய்வகம் நுணுக்கமாகக் கணக்கிட்டு, அதிகபட்சம் சுமார் 2 மீட்டர் என்று குறைத்தது. அப்பாடா என்று மூச்சு விடாதீர்கள். அந்த 2 மீட்டர், 20 நிமிடத்தில் துறைமுகத்துக்கு வந்துவிடும். சரிவுக்கு நேர் கீழே, பேரி ஆர்முக்குள்ளேயே படகில் இருப்பவர்களுக்குக் காத்திருப்பது வேறு கணக்கு. அங்கே தண்ணீர் நூறு மீட்டருக்கும் மேல் ஏறலாம். 1964 மார்ச் 27 பெருநடுக்கத்தின்போது விட்டியரில் 13 பேர் இறந்தார்கள். அன்று கடலடியில் மண் சரிந்து எழுந்த அலைகள், தரை ஆடி முடிவதற்குள்ளேயே இந்தக் கரையின் ஊர்களுக்குள் புகுந்துவிட்டன.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது இன்னொரு விஷயம். ட்ரேசி ஆர்ம் மலை விழுவதற்கு முந்தைய நாளிலிருந்தே சின்னச் சின்ன அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. நேரம் ஆக ஆக அவை நெருக்கமாகின. பதிவுகளைப் பிறகு புரட்டிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. அதாவது, கேட்க ஆளும் கருவியும் இருந்தால் மலை முன்கூட்டியே சொல்லக்கூடும். இப்படி ஒரு நம்பிக்கை பிறந்த அதே 2025 இறுதியில், அலாஸ்காவில் சுனாமி எச்சரிக்கைக்குத் தகவல் தரும் ஒன்பது நிலநடுக்க நிலையங்கள் பணம் இல்லாமல் வாய் மூடும் நிலைக்கு வந்தன. ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலர் அளவிலான செலவுதான். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

ஆகவே நீங்களே உஷாராக இருங்கள். பெரிய கப்பலில் இருப்பவர்கள் கேப்டன் சொல்வதைக் கேட்பதுதான் வழி. ஆனால் சிறு படகிலும் கயாக்கிலும் போகிறவர்கள், ஃபியோர்டுக் கரையில் இறங்கி நடக்கிறவர்கள், அலாஸ்கா நிலவியல் துறை வெளியிட்டிருக்கும் எச்சரிக்கைப் பகுதிகளைக் கிளம்பும் முன் பாருங்கள். தண்ணீர் ஓரம் தட்டையாக, அழகாக இருக்கிறதே என்று கூடாரம் போடாதீர்கள்; மேட்டில் போடுங்கள். தரை அதிர்ந்தாலோ, இடிபோல உறுமல் கேட்டாலோ, கடல் சட்டென்று ஏறினாலோ இறங்கினாலோ கைப்பையைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஓடுங்கள். முதல் அலை போனதும் இறங்கி வந்து போட்டோ எடுக்காதீர்கள். குறுகிய ஃபியோர்டில் தண்ணீர் சுவருக்குச் சுவர் மோதி நெடுநேரம் அலைபாயும்.

ஆபத்து மலையிலிருந்து மட்டும் வருவதில்லை, சூடேறும் கடலிலிருந்தும் வருகிறது. அதே விட்டியர் கரையில் 2016 புத்தாண்டு சமயத்தில் ஒதுங்கியவை அலைகள் அல்ல, பிணங்கள். காமன் மர் என்னும் கடற்பறவைகள், ஆறாயிரத்துக்கும் மேல், இரண்டே நாளில். மீன் பிடித்து வாழும் பறவை. வயிறு ஒட்டிச் செத்திருந்தது. 2014 முதல் 2016 வரை வட பசிபிக்கில் நீடித்த கடல் வெப்ப அலையில் அவற்றின் இரை மீன்கள் சுருங்கிப்போயின. அலாஸ்காவின் மர் பறவைகளில் பாதி, ஏறக்குறைய 40 லட்சம், மாண்டதாக 2024-ல் ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். காட் மீனும் சரிந்தது. 2020-ல் அலாஸ்கா வளைகுடாவில் கூட்டரசு நீர்ப்பரப்பின் காட் மீன்பிடிப்பையே மூடவேண்டி வந்தது. கரையில் செத்த பறவையைக் கண்டால் கையால் தொடாதீர்கள், குழந்தைகளைத் தொட விடாதீர்கள். பறவைக் காய்ச்சல் நடமாடும் காலம் இது.

சூடேறும் கடலில் இன்னொன்று பெருகுகிறது: அலெக்ஸாண்ட்ரியம் என்ற நுண்பாசி. இதை மட்டி, சிப்பிகள் தின்று அதன் நஞ்சைத் தம் சதையில் சேர்த்து வைக்கின்றன. சாக்ஸிடாக்ஸின் என்று அதற்குப் பெயர். 1799-ல் சிட்காவுக்கு அருகே ரஷ்யர்களோடு வந்த பூர்வகுடி வேட்டைக்காரர்கள் சுமார் நூறு பேர் சிப்பி தின்று இறந்தார்கள். பழைய கதை என்று தள்ளாதீர்கள். 2020-ல் அலாஸ்காவின் உனலாஸ்காவில் ஓர் உயிர் போனது. நம் பக்கமும் விலக்கல்ல: 1981-ல் தமிழகக் கரையில் மட்டி தின்று மூன்று பேர் மாண்டிருக்கிறார்கள். இப்போது இந்தப் பாசியின் விதைப் படுகைகள் இன்னும் வடக்கே, சுக்சி கடலின் அடித்தரையில் பரந்து கிடப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2022-ல் பெரிங் நீரிணைப் பக்கம் ஆய்வுக் கப்பல் ஒன்று பெரும் பாசிப் பெருக்கைக் கண்டதும் கரையோர ஊர்களுக்கு அவசரமாகச் செய்தி அனுப்பினார்கள்.

கடைகளிலும் உணவகங்களிலும் விற்கும் மட்டி பரிசோதனைக்கு உட்பட்டது. கரையில் நீங்களே தோண்டி எடுப்பது அப்படி அல்ல. நீர் இறங்கிய மணலில் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். தோண்டினால் வெள்ளையாக, கை நிறைய பட்டர் கிளாம் கிடைக்கும். நஞ்சு இருந்தால் அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, ருசியும் இல்லை. தண்ணீர் சிவப்பாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. கழுத்தின் கறுப்பு நுனியை வெட்டி எறிந்தால் போதும் என்று பக்கத்துப் படகுக்காரர் சொல்வார், நம்பாதீர்கள். குளிர்காலத்தில் பத்திரம் என்பதும் தப்பு, பட்டர் கிளாம் இரண்டு ஆண்டுகள் வரைகூட நஞ்சைப் பிடித்து வைத்திருக்கும். சிட்கா பூர்வகுடியினர் நடத்தும் ஆய்வகம் பல கரைகளின் மட்டிகளைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறது. சோதனை முடிவு கையில் இல்லாத மட்டி சட்டிக்குப் போகக்கூடாது.

யாராவது தின்றுவிட்டு உதடும் நாக்கும் விறுவிறுக்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது என்று சொன்னால், படுத்துத் தூங்கச் சொல்லாதீர்கள். அவசர எண் 911-ஐ அழையுங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. நஞ்சு மூச்சுத் தசைகளை முடக்கும்போது, அது உடலைவிட்டு இறங்கும்வரை இயந்திரத்தால் மூச்சு கொடுப்பதுதான் சிகிச்சை. அதனால் மூச்சுத் திணறுவதற்கு முன்பே ஆஸ்பத்திரி போய்ச் சேரவேண்டும். மீதி மட்டியைக் கொட்டிவிடாமல் ஒரு பையில் போட்டுக் கூடவே கொண்டு போங்கள்.