சட்டம் எட்டாத செடி

இமயமலையில் அருகிவரும் இரண்டு தாவரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாதுகாப்பு என்ற பெயரில் நாம் செய்துவருவது எதுவரை பயன் தரும் என்பது விளங்கும். ஒன்று, நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கோஷ்டம். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த, ஆளுயரம் வளரும் பூச்செடி. மற்றொன்று டக்காக்கியா, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரமே வளரும் மாஸ் வகைப் பாசி. 39 கோடி ஆண்டுப் பழைமை கொண்ட இந்தப் பேரினத்தில் இன்று இரண்டே இனங்கள் மிஞ்சியிருக்கின்றன.

கோஷ்டத்துக்குப் பகை அதன் மணமுள்ள வேர்தான். மருந்துக்காகவும் வாசனைப் பொருளுக்காகவும் வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். ஆனால் ஆபத்து மனிதக் கையிலிருந்து வருவதால், அந்தக் கையைத் தடுக்க முடியும். 1985இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் கோஷ்டம் சேர்ந்தது. இமாச்சலத்தின் லாஹவுல் பகுதியில் அதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். காட்டில் இன்னும் அது மீளவில்லை என்றாலும், மீட்கும் வழி தெரியும்.

டக்காக்கியாவை யாரும் பறிப்பதில்லை, விற்பதும் இல்லை. திபெத்தில் 4,000 மீட்டருக்கு மேல், ஆண்டில் பல மாதம் பனிக்கு அடியில் கிடந்து, கோடையில் கடும் புற ஊதாக் கதிரைத் தாங்கி வாழ்கிறது. ஆனாலும் அது பரவியுள்ள பரப்பு ஆண்டுக்குச் சுமார் 1.6 சதவீதம் சுருங்குவதாக, சீன, ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2023இல் அறிவித்தார்கள். காரணம், வெப்பமாதல். இதை எந்த வணிகத் தடையும் நிறுத்தாது.

இத்தனை கோடி ஆண்டு பிழைத்தது இதையும் தாண்டாதா என்று கேட்கலாம். இமயம் உயர்ந்தபோது அது தாக்குப்பிடித்தது உண்மை. அதன் மரபணுக்கள் பல மிக வேகமாக மாறியும் வந்திருக்கின்றன. ஆனால் மலை உயரப் பல கோடி ஆண்டுகள் ஆயின. இன்றைய வெப்பம் சில பத்தாண்டுகளில் ஏறிவிட்டது. எவருக்கும் பயன்படாத பாசிக்கு ஏன் செலவு என்றும் கேட்கலாம். கதிர் சிதைத்த மரபுப்பொருளைச் செடி எப்படிச் சீர்செய்கிறது என்று கற்க இதைவிடப் பழைய ஆசான் கிடைப்பது அரிது. ஆய்வகத்தில் பெருக்கித் திபெத்தில் நட்டவற்றில் சில, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தன. ஆகவே முயற்சி வீண் அல்ல. ஆனால் நட்ட இடமும் சூடானால் அது நிலைக்காது.

கோஷ்டத்துக்குச் சட்டமும் பயிர்நிலமும் வேண்டும். டக்காக்கியாவுக்கு முறையான கணக்கெடுப்பும், அதைவிட முக்கியமாகக் கரிம உமிழ்வுக் குறைப்பும் வேண்டும். சிக்கிம் வரை பரவியுள்ள இந்தப் பேரினத்தைக் காக்கும் பொறுப்பில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு.