சந்திரனுக்குப் போகப் பெயர் கொடுத்த 93 ஆயிரம் பேர்!

விமானத்துக்குள் வரிசை வரிசையாக ஆசனங்கள். ஆனால் பயணி ஒரே ஒருவர்தான். அவரும் அயர்ந்து தூங்குகிறார். அவர் கையில் இருந்து நழுவிய பேனா, கீழே விழாமல் காற்றில் மிதந்து கொண்டு இருக்கிறது!

பணிப்பெண் வருகிறாள். அவளும் மிதந்து விடக்கூடாதே! அதற்காக, தரையைப் பற்றிக்கொள்ளும் காலணி போட்டு இருக்கிறாள். அடிமேல் அடி வைத்து வந்து, பேனாவைப் பிடித்து, பயணியின் கோட்டுப் பையில் செருகுகிறாள்.

1968-ம் ஆண்டில் வெளிவந்த "2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி" என்ற ஆங்கிலப் படத்தில் வரும் காட்சி இது. டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக். அவருடன் சேர்ந்து கதை எழுதியவர் ஆர்தர் கிளார்க். (1956-ல் இலங்கைக்கு வந்து குடியேறினாரே, அதே கிளார்க்தான்.)

பேனா மிதந்தது எப்படி?

கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. பெரிய கண்ணாடிப் பலகையில், இருபுறமும் ஒட்டும் நாடாவால் பேனாவை ஒட்டினார்கள். காமிராவுக்கு முன்னால் கண்ணாடியை மெல்லச் சுற்றினார்கள். பணிப்பெண்ணாக நடித்தவர் பேனாவைப் பிய்த்து எடுத்தார். அவ்வளவுதான்!

அந்த விண்வெளி விமானத்தின் பெயர் ஓரியன். பூமியில் இருந்து விண்வெளி நிலையம் வரை போகும். அங்கே வேறு கப்பல் மாறித்தான் சந்திரனுக்குப் போக வேண்டும். ஓரியன் மீது இருந்த முத்திரையோ, நிஜமான கம்பெனியின் முத்திரை. உலகம் எங்கும் ஜெட் விமானம் விட்ட "பான் அமெரிக்கன்" கம்பெனி அது. படம் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

வீடு தேடி வந்த அட்டை

அதே காலத்தில் அந்தக் கம்பெனி, சந்திரப் பயணத்துக்கு நிஜமாகவே பெயர் பதிந்தது! பணம் கட்ட வேண்டாம். பெயர் கொடுத்தால், வரிசை எண் போட்ட அட்டை வீட்டுக்கு வரும். கூடவே ஒரு கடிதம். புறப்படும் தேதி தெரியாது, கட்டணமும் முடிவாகவில்லை என்று அதில் சொல்லி இருந்தார்கள். அப்படியும் ஜனங்கள் விடவில்லை. 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் கால் வைத்தான். 1971-ல் பதிவை நிறுத்தியபோது 93 ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்து இருந்தார்கள்.

1981-ல் இறக்கை வைத்த "ஸ்பேஸ் ஷட்டில்" பறந்தது. விண்வெளிக்குப் போய் வந்து, விமானம் போலவே ஓடுபாதையில் இறங்கியது. ஆனால் அதில் டிக்கெட் வாங்கி ஏறும் வசதி இல்லை. 1986-லும் 2003-லும் நடந்த இரண்டு விபத்துகளில் 14 பேர் மாண்டார்கள். 2011-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

பான் அமெரிக்கன் என்ன ஆயிற்று? நஷ்டம் தாங்காமல் 1991 டிசம்பர் 4-ந்தேதி மூடப்பட்டது. 2001 பிறக்க இன்னும் 9 ஆண்டுகள் இருந்தன.

அந்த அட்டைகளில் ஒன்றை, அமெரிக்காவின் தேசிய விமான, விண்வெளிக் காட்சிசாலை பத்திரமாக வைத்து இருக்கிறது.