தலைமுடி அளவு கம்பி, 37 கோடி துடிப்பு! - இதய ஸ்டென்ட்டைச் செதுக்கும் கம்ப்யூட்டர்

‘ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வெச்சிருக்காங்க’ - உறவிலோ தெருவிலோ இந்த வார்த்தையைக் கேட்காதவர்கள் இன்று குறைவு. ஆனால், நெஞ்சுக்குள் போய் உட்காரும் அந்தச் சின்ன வலைக்குழாய் எப்படி உருவாகிறது என்று யோசித்திருக்கிறீர்களா?

பார்ப்பதற்கு ஸ்டென்ட், பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங் போலத்தான் இருக்கும். அதைச் சுருக்கி ஒரு பலூன் மீது பொருத்தி, மணிக்கட்டு அல்லது தொடை ரத்தக்குழாய் வழியாக அனுப்புவார்கள். அடைப்பு இருக்கும் இடத்தில் பலூன் விரிந்ததும் ஸ்டென்ட்டும் விரியும். பலூனை வெளியே எடுத்துவிடுவார்கள். ஸ்டென்ட் அங்கேயே தங்கிவிடும்.

அதன் பிறகு அதற்கு ஓய்வே கிடையாது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்துக்கொண்டால், 10 ஆண்டுகளில் சுமார் 37 கோடியே 84 லட்சம் துடிப்புகள். ஒவ்வொன்றிலும் அது கொஞ்சம் வளைந்து நிமிர வேண்டும். உடையவே கூடாது.

மெலிந்தால் நல்லது... ஆனால்?

ஸ்டென்ட் கம்பி தடிமனாக இருந்தால் ரத்த ஓட்டத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் ஓரங்களில் ரத்தம் சுழன்று தேங்கும். ரத்தம் உறையலாம், சதை வளர்ந்து மீண்டும் அடைக்கலாம். 2001-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், 140 மைக்ரான் கம்பி கொண்ட ஸ்டென்ட் வைத்தவர்களில் 25.8 சதவிகிதம் பேருக்கு மீண்டும் சுருக்கம் வந்தது. 50 மைக்ரான் கம்பியில் அது 15 சதவிகிதம்தான். (1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்.)

சரி, மெலிதாக்கிவிடலாம் என்றால் வலிமை குறையும். அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பதிலாக, அதைவிட வலுவான கோபால்ட்-குரோமியம் கலவை வந்தது. இன்று மருந்து பூசிய ஸ்டென்ட்கள் பலவற்றில் கம்பி 60 முதல் 80 மைக்ரான்தான். ஏறக்குறைய தலைமுடியின் தடிமன்!

திரையில் ஒரு ரத்தக்குழாய்

இங்கேதான் கம்ப்யூட்டர் கைகொடுக்கிறது. ஸ்டென்ட்டின் முப்பரிமாண வரைபடத்தை ஆயிரக்கணக்கான குட்டித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் எவ்வளவு விசை விழுகிறது என்று கணக்கிடுகிறார்கள். பலூன் விரியும்போது எந்த வளைவு அதிகம் இழுபடுகிறது, பலூனை எடுத்தபின் ஸ்டென்ட் எவ்வளவு சுருங்குகிறது, ரத்தம் எங்கே தேங்குகிறது, பூசிய மருந்து எப்படிப் பரவுகிறது... எல்லாமே திரையில் தெரிந்துவிடும். ஒரு வளைவின் அகலத்தை மாற்றினால், உடனே மறுபடி சோதிக்கலாம்.

ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவும்

ஸ்டென்ட் என்பது வளையங்களின் வரிசை. அவற்றை இணைக்கும் கம்பிகளைக் குறைத்தால், நெளிந்த குழாய்க்குள் எளிதாக நுழையும். ஆனால், அப்படிச் செய்த சில ஸ்டென்ட்கள், இன்னொரு கருவி இடித்தால் நீளவாக்கில் நசுங்குவதை 2011 வாக்கில் டாக்டர்கள் கவனித்தார்கள். இடிபடும் முனையில் மட்டும் கூடுதல் இணைப்புகள் வைத்து அடுத்த வடிவம் வந்தது.

உடலிலேயே கரையும் ஸ்டென்ட்டுக்கும் இதே சிக்கல்தான். பிளாஸ்டிக் வகைப் பொருளுக்கு உலோகத்தின் வலிமை கிடைக்க, கம்பியை சுமார் 150 மைக்ரான் ஆக்க வேண்டியிருந்தது. 2016-ல் அமெரிக்க அனுமதி பெற்ற அத்தகைய முதல் ஸ்டென்ட்டில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. 2017-லேயே விற்பனை நின்றது.

ஆகவே, கம்ப்யூட்டர் சொல்வதே இறுதித் தீர்ப்பு அல்ல. ஆய்வகம், விலங்குகள், மனிதர்கள் என்று அடுத்தடுத்த பரிசோதனைகள் உண்டு. தேறாத வடிவங்கள் பலவற்றை அதற்கு முன்பே கழித்துவிடுவதுதான் கம்ப்யூட்டரின் உதவி.

மாத்திரையை மறக்காதீங்க!

எவ்வளவு நுட்பமான ஸ்டென்ட்டாக இருந்தாலும், கம்பிகள் மீது ரத்தக்குழாயின் உள்தோல் படர்ந்து மூடச் சில மாதங்கள் ஆகும். அதுவரை ரத்தம் உறையாமல் காப்பவை டாக்டர் தரும் மாத்திரைகளே. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்றோ, பல் பிடுங்க வேண்டும் என்றோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முதலில் உங்கள் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.