ஒரு வெள்ளி செய்யும் வேலை

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குக் கடற்பாலம் வழியாக ஒரு கிலோமீட்டர் தூரம்தான். அக்கரையில் இன்று பிறக்கும் குழந்தை சராசரியாக 83 வயதுவரை வாழும். மலேசியாவில் 75. பணம்தான் காரணம் என்போம். உண்மைதான். ஆனால் பணம் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, யார் யார் கையில் இருக்கிறது என்பதும் ஆயுளைத் தொடுகிறது.

1975-இல் மக்கள்தொகையியல் அறிஞர் சாமுவேல் பிரெஸ்டன் நாடுகளின் வருமானத்தையும் ஆயுளையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். கோடு முதலில் விறுவிறுவென்று ஏறியது, பிறகு படுத்துவிட்டது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் ஓடும் குடும்பத்துக்கு இன்னும் 200 வெள்ளி கிடைத்தால் தட்டில் மீனும் கீரையும் கூடும், மருத்துவமனைக்குப் போகப் பயணச் செலவும் இருக்கும். 20,000 வெள்ளி வாங்குபவரின் உடம்புக்கு அந்த 200 வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆகவே நாட்டின் மொத்த வருமானம் ஒரு காசு கூடாவிட்டாலும், பங்கீடு சற்றுச் சமமானாலே சராசரி ஆயுள் ஏறும்!

வறுமை மட்டும்தான் ஆளைக் கொல்கிறதா? 1967-இல் லண்டன் அரசு ஊழியர்களிடம் தொடங்கிய வைட்ஹால் ஆய்வைப் பாருங்கள். எல்லாருக்கும் நிலையான வேலை, இலவச மருத்துவம். இருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயரதிகாரிகளுடையதைப் போல மூன்று மடங்கு. இடைப்பட்டவர்களும் படிவாரியாகவே நின்றார்கள். புகைப்பழக்கம் இதில் ஒரு பகுதியைத்தான் விளக்கியது. ஓயாத மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற இயக்குநீர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றிவைப்பதும் காரணமாகலாம் என்கிறார்கள்.

இனி நம் நாட்டுக் கதை. வருமான ஏற்றத்தாழ்வை அளப்பது கினி குறியீடு. எல்லாருக்கும் ஒரே வருமானம் என்றால் 0. மொத்தமும் ஒருவருக்கே என்றால் 1. தீபகற்ப மலேசியாவில் 1957-இல் சுமார் 0.41 ஆக இருந்த அது, 1970-இல் 0.51-ஐத் தொட்டது. ஏற்றத்தாழ்வு மோசமானது. ஆனால் அதே காலத்தில், ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 75-இலிருந்து ஏறத்தாழ 40 ஆகக் குறைந்தன! அரசாங்கம் கம்பங்களுக்கே மருத்துவிச்சிகளை அனுப்பியது. கிளினிக்கும் குடியிருப்பும் ஒரே கட்டடம். நடுராத்திரியில் வலி எடுத்தாலும் கதவைத் தட்டலாம். சம்பள இடைவெளி உடம்பில் இறங்காமல் தடுத்தவை இந்தக் கிளினிக்குகளே என்பேன்.

ஜொகூரின் ரப்பர் தோட்டங்களுக்கு இந்த ஏற்பாடு முழுமையாக வந்து சேரவில்லை. அங்கே மருத்துவம் முதலாளியின் பொறுப்பு. லயங்களில் வாழ்ந்த நம் மக்களுக்குப் பெரும்பாலும் தோட்டத்து டிரெசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர்தான் வைத்தியர். இன்றும் மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று பெரிய இனங்களில் நம்மவர் ஆயுளே குறைவு. இனிப்புநீர் நோய் நம்மிடமே அதிகம்.

அரசாங்க கிளினிக்கில் இன்றும் ஒரு வெள்ளிதான், மருந்தும் சேர்த்து. கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள் என்று நினைவில்லையென்றால், இந்த வாரமே அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிடுங்கள்.